இரண்டு லைடன்கள்: யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசியவியல் ஆய்வு நிலையத்தின் பணி

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், குடாநாட்டுக்கு மேற்கே கிடக்கும் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் என்றும், காரைதீவு அம்ஸ்ரடாம் என்றும், ஊர்காவற்றுறையையும் அல்லைப்பிட்டியையும் தன்னகத்தே கொண்ட வேலணைத் தீவு லைடன் என்றும் அவர்களுடைய வரைபடங்களில் எழுதப்பட்டன. தீவக மக்கள் தம் ஊர்களைப் பழைய பெயர்களாலேயே அழைத்து வந்தபோதும், அலுவலகப் பதிவுகளில் ஒல்லாந்தப் பெயர்கள் நெடுங்காலம் தங்கின. பெயரைக் கொடுத்த லைடன் நகரத்தில் 1575இல் தொடங்கிய பல்கலைக்கழகம் 1865இல் ஹென்றிக் கேர்ண் என்பவரைச் சமஸ்கிருதப் பேராசிரியராக அமர்த்தியது. ஆசியவியலுக்கான சர்வதேச நிறுவனம் ஒன்றும் 1993 முதல் அந்நகரில் இயங்கி வருகிறது. பெயரைப் பெற்ற லைடன் தீவின் மண்ணில் சோங் காலச் சீனத்து மட்கலங்கள் புதைந்து கிடந்தன. அதன் துறையில் எத்தகைய சட்டம் வழங்கியது என்பதைக் கூறும் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அயலிலுள்ள நயினாதீவில் நிற்கிறது. உலகத் தமிழாராய்ச்சிக்கு அமைப்பு வடிவம் கொடுத்த தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்ததும் அத்தீவின் கரம்பனிலேயே. ஆசியாவைப் பற்றிய படிப்பு ஒரு லைடனிலும், அப்படிப்புக்குரிய சான்றுகளுள் ஒரு பகுதி மற்றொரு லைடனிலும் இருக்கும் இந்நிலையிலிருந்தே, யாழ்ப்பாணத்தில் ஒரு பல்கலைக்கழக ஆசியவியல் ஆய்வு நிலையத்துக்கு உரிய பணி யாது என்னும் வினா எழுகிறது.

ஆசியவியல் என்னும் சொல்லின் இன்றைய பொருளை விளங்கிக்கொள்ள, அதற்கு முன்னிருந்த கீழைத்தேயவியலை நோக்குதல் வேண்டும். கீழைத்தேயவியல் என்பது ஐரோப்பியர் தமக்குக் கிழக்கே இருந்த நாடுகளின் மொழி, சமயம், சட்டம், இலக்கியம் ஆகியவற்றை மூலநூல்கள் வாயிலாகக் கற்ற துறையாகும். 1784இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் தொடங்கிய ஆசியச் சங்கமும், 1845இல் கொழும்பில் அமைந்த அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையும், 1873இல் பாரிஸில் முதன்முறை கூடிய கீழைத்தேயவியலாளர் மாநாடும் அத்துறையின் தூண்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிரதேச ஆய்வு என்னும் வேறொரு முறை வளர்ந்தது. ஒரு நிலப்பகுதியின் அரசியல், பொருளாதாரம், சமூகம், மொழி அனைத்தையும் ஒருசேர, பெரும்பாலும் நிகழ்காலத் தேவை கருதி, ஆராய்வது அதன் இயல்பு. 1978இல் எட்வேர்ட் சயிட் எழுதிய நூல், கீழைத்தேயவியலுக்கும் குடியேற்ற ஆட்சிக்கும் இடையிலான உறவை வெளிப்படையாக விசாரணைக்கு உட்படுத்தியபின், பழைய பெயரைத் தாங்கிய நிறுவனங்கள் பலவும் தம்மைப் புதிதாக வரையறுக்க வேண்டியவையாயின. ஆயினும் அவ்விவாதம் பெருமளவில் மேற்குலகம் தன்னைத் தானே வினவிக்கொண்ட விவாதமாகவே இருந்தது. ஆசியாவின் ஒரு மூலையில் வாழ்வோர் அதன் மற்றொரு மூலையை எவ்வாறு அறிந்துகொள்வது, யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் சீனத்தையோ பர்மாவையோ சுமாத்திராவையோ இலண்டனின் வழியாகச் சுற்றிச் செல்லாமல் நேராகக் கற்பதற்கு என்ன வேண்டும் என்பவை அவ்விவாதத்துக்குள் அடங்காத வினாக்கள்.

பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்கும் ஆய்வு நிலையம் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடும் இங்கே தெளிவுபடுத்தத் தக்கது. துறை என்பது பாடவிதானத்துக்கும் பரீட்சைக்கும் கட்டுப்பட்டது. ஆண்டுதோறும் வரும் மாணவரைப் பட்டத்துக்கு ஆயத்தம் செய்வது அதன் முதற்கடன். ஆய்வு நிலையத்தின் முதற்கடனோ ஒரு பொருளை அது கேட்கும் காலம்வரை விடாது பற்றிநிற்பதாகும். வரலாற்றாசிரியர், கல்வெட்டறிஞர், மொழியியலாளர், கடலோடிகளின் வழக்காறு அறிந்தோர், நூலகர் ஆகியோரை ஒரே மேசையில் இருத்தி, ஒரே சான்றை நோக்கச் செய்யும் இடம் அது. துறைகளின் வேலியைக் கடக்காமல் வாசிக்கவே முடியாத சான்றுகள் யாழ்ப்பாணத்தில் மிகுதி என்பதனாலேயே இங்கு இத்தகைய இடம் மிகவும் வேண்டப்படுகிறது.

அச்சான்றுகளுள் தலையாயது நயினாதீவுக் கல்வெட்டு. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள அக்கல்லில், 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை தமிழில் பொறிக்கப்பட்டு, வடமொழித் தொடருடன் முடிகிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதன் வாசகத்தை விரிவான ஆய்வுடன் வெளியிட்டார். பரதேசத்து வணிகர் ஊராத்துறையிலேயே வந்து தங்கவேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்றும் கூறும் அவ்வாணை, தொடர்ந்து கப்பல் உடைந்தால் சரக்கு யாருக்கு உரியது என்பதை வரையறுக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் சேரும். பண்டாரம் என்பது அரசனின் கருவூலம். யானைக்கும் குதிரைக்கும் காட்டப்பட்ட இச்சலுகை, அவற்றை அரசன் எவ்வளவு விரும்பினான் என்பதற்கு எண்ணிக்கையில் தரப்பட்ட சான்றாகும்.

சிங்களப் பேரரசன் ஒருவன் தமிழ்மொழியில் விடுத்த கடல்வணிகச் சட்டம் என்ற அளவிலேயே இக்கல்வெட்டு பெரும்பாலும் மேற்கோள் காட்டப்பட்டு வந்திருக்கிறது. அதற்கு மேலும் அதனிடம் வினவத்தக்க வினாக்கள் பல உண்டு. யானைக்குப் பெயர்போன இலங்கைக்கு யானை ஏன் கப்பலில் வரவேண்டும்? பாளிமொழியில் அமைந்த சூளவம்சம், பராக்கிரமபாகுவுக்கும் இராமஞ்ஞ நாட்டு மன்னனுக்கும் மூண்ட பகைக்கு யானை வணிகத்தில் விதிக்கப்பட்ட தடைகளும் ஒரு காரணம் எனக் கூறுகிறது. இராமஞ்ஞம் என்பது இன்றைய கீழ்ப்பர்மாப் பகுதி. குதிரைகளோ பாரசீக, அராபியக் கரைகளிலிருந்து தென்னாசியத் துறைகளுக்கு வந்தவை. ஆகவே, நயினாதீவில் நிற்கும் ஒரு கல்லின் இரண்டு சொற்களைப் பொருளுணர்ந்து படிப்பதற்குப் பர்மிய வரலாறும் பாரசீக வளைகுடாவின் வணிக வரலாறும் வேண்டும். கல்வெட்டில் வரும் ஊராத்துறை என்னும் பெயரே மும்மொழி அறிவைக் கேட்கிறது. சூளவம்சம் சூகரதித்த எனக் குறிப்பிடும் துறை இதுவே என ஆய்வாளர் கொள்வர். சூகரம் என்பது பன்றி. சிங்களத்தில் ஊரா என்பதும் பன்றியே. தித்த, தொட்ட, துறை என்பன ஒரு பொருட் சொற்கள். பின்னர் போர்த்துக்கீசர் அவ்விடத்தை யானைகளின் இறங்குதுறை என்னும் பொருள்பட அழைத்தனர். இறங்குதுறையைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லே ஆங்கிலத்தில் கயிற்ஸ் எனத் திரிந்து இன்றும் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது. ஒரு துறைமுகத்தின் பெயர் மாற்றங்களை அடுக்கிவைத்தாலே ஆயிரம் ஆண்டுக் கடல்வரலாறு கண்முன் வந்துவிடும்.

எழுத்தில் உள்ளதற்கு மண்ணும் சான்று பகர்கிறது. அதே தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் காஸ்வெல் அகழ்ந்தபோது, 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சீன மட்கலங்கள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. 2018இல் சீனாவின் ஷங்காய் அரும்பொருளகத்தினர் இலங்கையின் மத்திய கலாசார நிதியத்துடன் இணைந்து அங்கே மீண்டும் அகழ்ந்து, அறுநூற்றுக்கு மேற்பட்ட சீன மட்கலத் துண்டுகளைக் கண்டெடுத்தனர். யாழ்ப்பாணக் கோட்டைப் பகுதியிலும் 2017 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டேரம் பல்கலைக்கழகமும் மத்திய கலாசார நிதியமும் தொல்லியல் திணைக்களமும் சேர்ந்து நடத்திய ஆய்வுகள், ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே அவ்விடம் இந்து சமுத்திர வணிகத்துடன் தொடர்புபட்டிருந்ததைக் காட்டின. இக்கூட்டுமுயற்சிகள் வரவேற்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. எனினும், அல்லைப்பிட்டியின் மட்கலத்தைச் சீனத்துச் சூளையோடு ஒப்பிட்டுக் காலம் கணிக்கும் ஆற்றல் ஷங்காயிலும் டேரத்திலும் மட்டும் இருக்கும்வரை, அம்மட்கலத்தைப் பற்றிய முதல் வாக்கியத்தைப் பிறரே எழுதிக்கொண்டிருப்பர். அவ்வாற்றலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலியில் வளர்ப்பதே ஆய்வு நிலையத்தின் தலையாய பணி.

இவ்வாறு பல மொழிகளும் பல சமயங்களும் ஒரே பொருளில் சந்திக்கும் சான்றுகள் யாழ்ப்பாணத்துக்கு வெளியேயும் உண்டு. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்ததும், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டதும், இப்போது கொழும்பு அரும்பொருளகத்தில் உள்ளதுமான மும்மொழிக் கல்வெட்டு அவற்றுள் ஒன்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் வருகையோடு தொடர்புடைய அக்கல்லில், சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய முறைப்படி இறைவனுக்கும் ஏறத்தாழ ஒத்த காணிக்கைகளைக் கூறுகின்றன. தெனவரை என்பது தென்கோடியிலுள்ள தெவிநுவர. சீனப் பேரரசின் சார்பில் கல் வெட்டுவித்தவர்கள் தமிழை ஏன் தேர்ந்தனர் என்னும் வினாவுக்கு, அக்காலக் கடல்வணிகத்தில் தமிழ் வகித்த இடமே விடை. சீனத்தின் சுவான்சூ நகரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், சுமாத்திராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அவ்விடையை வலியுறுத்துவன.

மற்றொன்று லைடன் செப்பேடுகள். பாக்கு நீரிணையின் மறுகரையில் யாழ்ப்பாணத்தை எதிர்நோக்கி நிற்கும் நாகபட்டினத்தில், ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை விட்டுக்கொடுத்த செய்தியைப் பெரிய செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அவை 21 ஏடுகள். ஒரு பகுதி வடமொழியிலும் பெரும்பகுதி தமிழிலும் அமைந்தவை. சைவப் பெருவேந்தன் ஒருவன், மலாய்த் தீவுகளின் பௌத்த அரசன் கட்டிய விகாரைக்குத் தமிழூர் ஒன்றை நிவந்தமாக அளித்தான் என்பது, சமயங்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்துப் பழகியோருக்கு வியப்பைத் தரலாம். ஒல்லாந்தர் வழியாக நெதர்லாந்தை அடைந்து, 19ஆம் நூற்றாண்டு முதல் லைடன் பல்கலைக்கழகத்தில் பேணப்பட்டமையால் அவற்றுக்கு இப்பெயர் வந்தது. ஒரு சோழ ஆவணம் ஓர் ஐரோப்பிய நகரின் பெயரால் அறியப்படுவதும், ஒரு தமிழ்த் தீவு அதே நகரின் பெயரால் வரைபடத்தில் குறிக்கப்படுவதும் ஒரே வரலாற்று நிகழ்வின் இரு விளைவுகள்.

யாழ்ப்பாணத்துக்கு இத்தகைய படிப்பு புதிதன்று. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் தமிழ், ஆங்கிலம், வடமொழி, வானநூல், கணிதம் ஆகியன அருகருகே கற்பிக்கப்பட்டன. அதன் தலைவராக இருந்த ஹென்றி ஹொய்சிங்ரன் மொழிபெயர்த்த சிவஞானபோதமும் சிவப்பிரகாசமும் 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. சைவசித்தாந்தம் மேற்குலகக் கல்வியுலகுக்கு அறிமுகமான முதல் வாயில்களுள் ஒன்று வட்டுக்கோட்டை எனில் மிகையாகாது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னர் 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். இவ்வளவு பயன் தந்த செமினரி, 1855இல் மூடப்பட்டது. ஆங்கில உயர்கல்வி சமயப் பணிக்கு உரியதன்று என்று பொஸ்ரனில் இருந்த தாய்ச் சபையின் பிரதிநிதிகள் கருதியமையே காரணம். நிறுவனத்தின் உயிர் தொலைவிலுள்ள ஒரு சபையின் கருத்தில் தங்கியிருந்தது என்னும் இவ்வுண்மை, வெளிநாட்டு நிதியுடன் ஆய்வு நிலையம் அமைக்க விழைவோர் மனங்கொள்ள வேண்டியது.

செமினரிக்கு ஒரு நூற்றாண்டின் பின் வந்த தனிநாயகம் அடிகளார், தமிழாராய்ச்சியை ஆசியவியலின் ஓர் உறுப்பாகக் கண்டவர். 1952இல் தமிழ்ப் பண்பாடு பற்றி அவர் தொடங்கிய ஆங்கிலக் காலாண்டிதழ், தமிழைத் தமிழறியாத அறிஞருக்குக் கொண்டுசென்றது. 1554இல் லிஸ்பனில் அச்சான, தமிழை உரோமன் எழுத்தில் கொண்ட சிறு சமயநூலின்பால் ஆய்வாளரின் கவனத்தைத் திருப்பியவர் அவர். வத்திக்கான் நூலகத்தில் இருந்த, 1679இல் அச்சான அந்தாவ் தெ புறோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீச அகராதியை 1966இல் நிழற்படிவப் பதிப்பாக வெளியிட்டவரும் அவரே. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் இருந்து பணியாற்றிய காலத்தில், 1964 ஜனவரியில் புதுடில்லியில் கூடிய 26ஆவது கீழைத்தேயவியலாளர் மாநாட்டின்போது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். மன்றத்தின் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. அடிகளாரின் முறையில் குறிக்கத்தக்கது ஒன்றுண்டு. தமிழின் பெருமையைப் பேசுவதோடு நில்லாமல், போர்த்துக்கீசம் முதலிய மொழிகளைக் கற்று, நூலகப் பட்டியல்களைத் தேடி, கிடைத்ததைப் பதிப்பித்துப் பிறர் கையில் கொடுத்தார். ஆய்வு நிலையம் செய்யவேண்டியதை ஒரு தனிமனிதர் செய்தார்.

அம்மன்றத்தின் நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்ததும், அதன் நிறைவுக் கூட்டத்தில் உயிர்கள் பலியானதும் எவரும் மறவாதவை. அதே ஆண்டின் பிற்பகுதியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்களில், பேராசிரியர் க. கைலாசபதியை முதற் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கலைப்பீடம் தெற்காசியவியலுக்கென ஓர் ஆங்கில ஆய்விதழை வெளியிட்டது. பல்கலைக்கழகத்தின் அயலிலேயே ஜேம்ஸ் தி. இரத்தினம் தம் மனைவியின் நினைவாக ஈவ்லின் இரத்தினம் பல்லினப் பண்பாட்டு நிறுவனத்தை அமைத்துத் தம் நூற்சேகரிப்பை அதற்கு அளித்தார். 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழ்வில், பெருங்கற்கால மரபுக் குறியீடுகளும் அவற்றின் கீழ்ப் பிராமி எழுத்துகளும் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது. அவ்வெழுத்துகளை இந்திரபாலா கோவேத என வாசித்தார். அதே ஆய்வில் ஈடுபட்ட பொ. இரகுபதி, குடாநாட்டின் ஆதிக்குடியிருப்புகள் பற்றிய தம் தொல்லியல் ஆய்வை 1987இல் நூலாக வெளியிட்டார். ஆசியவியல் நிலையம் ஒன்றுக்கு வேண்டிய கால்கோள் அனைத்தும் அப்பத்தாண்டில் இடப்பட்டுவிட்டன. அதன்மேல் எழவேண்டிய சுவர்களைப் போரும் இடப்பெயர்வும் எழவிடவில்லை.

1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்பை அளவிடுவதற்கு எண்ணிக்கை போதாது. ஏட்டுச்சுவடி என்பது அச்சுநூல் போல மற்றொரு படி வாங்கி நிரப்பத்தக்கதன்று. பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கீறலில் மை தடவிப் படிக்கப்படும் சுவடியில், மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை; எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை; துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் வரும். ஆகவே, கொடு எனக் கீறப்பட்ட சொல் கொடுத்தலையும் குறிக்கலாம், கோடு என்பதையும் குறிக்கலாம். கல என்றிருப்பது கல் ஆகவும் இருக்கலாம், கலத்தலாகவும் இருக்கலாம். எது சரி என்பதைப் பாவின் ஓசையும் இடத்தின் பொருளும் அறிந்த வாசகரே துணிவர். அத்தகைய வாசகர் அருகிவருகின்றனர். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேமித்து எவர்க்கும் கிட்டச்செய்திருப்பது போற்றுதற்குரிய அரும்பணி. படம் பிடிக்கப்பட்ட ஏட்டை வாசிக்கத் தெரிந்த தலைமுறையை ஆக்குவது அதன் அடுத்த படி. அது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. புதுச்சேரியில் 1955இல் பிரெஞ்சு நிறுவனம் தொடங்கியபோது, சைவாகமச் சுவடிகளைச் சேகரிப்பதோடு, மரபுவழிப் பண்டிதர்களை ஊதியத்துடன் அமர்த்தி ஒப்புநோக்கிப் பதிப்பிக்கச் செய்தனர். அச்சேகரிப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பண்டிதரையும் பேராசிரியரையும் ஒரே அறையில் அமர்த்திய அம்முறை, பண்டித மரபு இன்னும் முற்றாக அற்றுப்போகாத யாழ்ப்பாணத்துக்கு மிகவும் பொருந்தும்.

மொழிக் கல்வியே இத்தகைய நிலையத்தின் முதுகெலும்பு. இன்றும் நடைமுறையிலுள்ள தேசவழமைச் சட்டம், 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸால் ஒல்லாந்த மொழியில் தொகுக்கப்பட்டு, தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களால் பார்வையிடப்பட்டு ஏற்கப்பட்டது. 1806இல் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒழுங்குவிதியாக உறுதி பெற்றது. யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் முதுசொம் எது, தேடியதேட்டம் எது என்று நீதிமன்றம் வினவும்போது, அவ்வினாவின் வேர் ஓர் ஒல்லாந்தப் படியில் இருக்கிறது. முதுசொம் என்பது முன்னோர்வழி வந்த சொத்து. தேடியதேட்டம் என்பது மணவாழ்வில் ஈட்டியது. நிலவரிப் பதிவேடாகிய தோம்பும் அவ்வாறே போர்த்துக்கீச, ஒல்லாந்த மொழிகளில் உள்ளது. 2003இல் யுனெஸ்கோ பதிவேட்டில் சேர்ந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆவணங்கள் ஹேக்கிலும் கொழும்பிலும் சென்னையிலும் ஜகார்த்தாவிலும் கேப்ரவுனிலும் இருக்கின்றன. கொழும்புக்கு ஓர் இரவுப் பயணத்தில் சென்றடையக்கூடிய அச்சுவடிகளைப் படிப்பதற்குப் பழைய ஒல்லாந்தம் அறிந்த நான்கைந்து இளைஞர் வேண்டும். பாளியும் சிங்களமும் அறிந்தோர் அதனினும் மிகுதியாக வேண்டும்; அருகிலிருப்போரின் மொழியை விட்டுவிட்டு ஆசியாவைப் படிப்பது பொருந்தாது.

இவ்விடத்தில் கந்தரோடையைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. 1917 முதல் 1919 வரை போல் ஈ. பீரிஸ் அகழ்ந்தும், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தினர் ஆராய்ந்தும் வெளிப்படுத்திய அவ்விடத்தில், பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய மட்கலங்களும் உரோம நாணயங்களும் சுண்ணக்கல்லால் ஆன சிறிய தூபிகளும் உள்ளன. தூபிகளைக் கண்டு அது சிங்களருடையது என்று ஒரு சாராரும், மட்கலத்தைக் கண்டு அது தமிழருடையது என்று மற்றொரு சாராரும் உரிமை கோருவது நெடுநாள் வழக்கமாகிவிட்டது. நாகபட்டினத்திலும் காஞ்சியிலும் பௌத்தம் தழைத்திருந்ததையும், தமிழிலேயே பௌத்தக் காப்பியம் தோன்றியதையும் அறிந்தோருக்கு, பௌத்தச் சின்னம் கண்ட இடமெல்லாம் ஒரே இனத்தின் உரிமை என்னும் முடிவு ஏற்கத்தக்கதாகாது; அவ்வாறே, தமிழ்ப் பௌத்தம் என்னும் சொல்லைக் கேடயமாக மட்டும் பயன்படுத்தி, அதன் நூல்களையும் சடங்குகளையும் அந்நாளைய பல்மொழிச் சூழலையும் கல்லாதிருப்பதும் குறையே. அகழ்வுக்குழியின் மண்ணடுக்கு எந்த இனத்தின் பெயரையும் தானாகச் சொல்வதில்லை. எந்த அடுக்கில் எது, எவற்றுடன் சேர்ந்து கிடைத்தது என்பதைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பிழையின்றி வெளியிட்டு, இரு சாராரும் ஒரே பதிவிலிருந்து வாதிடும்படி செய்வது ஆய்வு நிலையம் நாட்டுக்குச் செய்யக்கூடிய பெருந்தொண்டு. அத்தொண்டுக்குத் துணிவும் வேண்டும். ஏனெனில் பதிவு இரு சாராரையும் எப்போதும் மகிழ்விக்காது.

துணிவின் தேவையை யப்பானிய ஒப்பாய்வும் உணர்த்துகிறது. யப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் யப்பானியத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு என்னும் கொள்கையை முன்வைத்தபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் இணைந்து நெடுங்காலம் உழைத்தனர். பொங்கல் விழாவையும் யப்பானியரின் சிறுபுத்தாண்டுச் சடங்குகளையும் அவர்கள் அருகருகே வைத்து நோக்கியது, யப்பானியப் பண்பாட்டைத் தமிழ் வாசகருக்கு நேரடியாக அறிமுகப்படுத்திற்று. ஓனோவின் கொள்கையை வரலாற்று மொழியியலாளருட் பெரும்பாலார் ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஏற்கப்படாத கொள்கையிலிருந்தும் கல்வி பெருகக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் ஒரு கொள்கையை வரவேற்கும் அதே நிலையத்துக்குள் அதைச் சோதிக்கும் அறிஞரும் இருத்தல் வேண்டும். தமிழின் தொன்மையைப் புகழும் கருத்து எதுவாயினும் கைதட்டி ஏற்பது, அம்மொழிக்குச் செய்யும் நன்மையாகாது.

நிலையத்தின் வெளியீடுகள் தமிழிலும் வரவேண்டும் என்பது மொழிப்பற்றினால் மட்டும் கூறப்படுவதன்று. தீவகத்து மீனவர் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வழங்கும் பெயர்கள், வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் கட்டியோர் மரத்துக்கும் பாய்க்கும் வழங்கிய சொற்கள் ஆகியன கடல்வணிக வரலாற்றின் மூலச்சான்றுகள். அச்சொற்களைச் சேகரிப்பவர் எழுதியதைச் சொன்னவர் படித்துத் திருத்தக்கூடியதாக இருந்தால் மட்டுமே சேகரிப்பு நம்பத்தக்கதாகும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் தொடங்க இயலாது. ஒரு நிலையம் தன் முதல் ஐந்தாண்டுக்கு ஒரு சிறிய, முடிக்கத்தக்க வேலையை எடுத்துக்கொள்வது நன்று. பருத்தித்துறை முதல் மாதோட்டம் வரையுள்ள துறைகள் அனைத்துக்கும் ஒரு பெயர் அகராதி அத்தகைய வேலை. ஒவ்வொரு துறைக்கும் தமிழ், பாளி, சிங்கள, அரபு, சீன, போர்த்துக்கீச, ஒல்லாந்த மூலங்களில் கிடைக்கும் பெயர்கள், கிடைக்கும் ஆண்டு, அங்கே கண்டெடுக்கப்பட்ட பொருள்கள், இன்று அங்குள்ளோர் சொல்லும் வழக்கு ஆகியவற்றைத் தலைச்சொல் வரிசையில் தொகுப்பதற்கு வரலாற்றாசிரியரும் மொழியியலாளரும் மீனவரும் ஒருங்கே வேண்டும். ஊர்காவற்றுறை என்னும் தலைச்சொல்லுக்கு அந்நூலில் பல பக்கங்கள் தேவைப்படும். லைடன் என்னும் தலைச்சொல்லின் எதிரே, வேலணை பார்க்க என்று இரண்டு சொற்கள் போதும்.